கீறல் விழுந்த இடம்

ரியேகாவில் ஞாயிறு காலை
பாலத்தடியில் பழைய சாமான் சந்தை.
மழை பெய்தாலும் உண்டு.
ரெக்கார்டுகளுக்கு மேல் மட்டும்
குளியலறைத் திரை ஒன்றை விரித்திருப்பாள் மிர்யானா,
மஞ்சள் வாத்துகள் நீந்தும் திரை.
குழாய், பூட்டு, சாவியில்லாத கடிகாரம்
எல்லாம் நனையும்.

விரல் நுனி கறுக்கும்வரை புரட்டுவேன்.
வெள்ளிக்கிழமை பேஸ் கிட்டாரில்
கொப்புளித்த அதே விரல்.
ஓர் இரவுக்கு நூற்றிருபது யூரோ,
நாலு பங்கு,
வேனுக்கு டீசல் போக
எனக்கு மிஞ்சுவது பதினோரு ரெக்கார்டு.
(எதையும் நான் ரெக்கார்டில்தான் எண்ணுவேன்.
வாடகை நூற்று எண்பது ரெக்கார்டு.
பல் பிடுங்கியது முப்பது.)

மூன்று குளிர்காலம் முன்பு வாங்கியது அது.
நாற்பத்தைந்து சுற்று.
ஏதோ பிஸ்கட் தொழிற்சாலையின்
ஊழியர் வாத்தியக்குழு.
உறையில் ஒன்பது பேர்,
எட்டுப் பேர் கேமராவைப் பார்க்க
ஒருவர் மட்டும் கதவைப் பார்க்கிறார்.

சொன்னதையே சொல்கிறவனைக்
கீறல் விழுந்த ரெக்கார்டு என்பார்கள்.
இது வேறு ஜாதிக் கீறல்.
பாதிப் பாட்டில் ஊசி ஒரு துள்ளு துள்ளும்,
எட்டுத் தட்டுத் தாளம்
ஐந்திலேயே திரும்பிவிடும்,
படியிருக்கும் என்று கால் வைத்த இடத்தில்
படியில்லாததுபோல.

டிபோர் அதை அப்படியே டிரம்ஸில் பிடித்தான்.
பகலெல்லாம் துறைமுகத்தில்
கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிறவன்,
ஒன்று குறைந்தால் தூங்கமாட்டான்,
மூன்று குறைந்ததைக் கொண்டாடினான்.
யாஸ்னா அக்கார்டியனைச் சுருக்கென்று மூடினாள்.
கிரெஷிமிர் டிரம்பெட்டோடு
வழக்கம்போல் தாமதமாக வந்து
அன்று மட்டும் சரியாக நுழைந்தான்.

இப்போது எங்களைத் தெரிந்தவர்களுக்கு
அந்த இடம்தான் தெரியும்.
கூடம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும்,
ஐந்தாம் தட்டில் ஒரே நேரத்தில்
நூறு பேர் தடுக்குவார்கள்.
பியர் சிந்தும்.
முன்பின் தெரியாதவர்களின் தோளைப் பிடித்துக்கொள்வார்கள்.
எனக்குத் தெரிந்து இரண்டு கல்யாணம்
அந்தத் தடுக்கலில் நடந்திருக்கிறது,
ஒன்று முறிந்தும் போயிற்று.

போன ஞாயிறு
வாத்துத் திரைக்குள் கை விட்டால்
அதே உறை. அதே ஒன்பது பேர்.
தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன்,
ஒரு கோடு இல்லை,
புது வாணலிபோல் மின்னியது.
மிர்யானா பெட்டி பிளேயரில் போட்டாள்.

ஐந்து.
ஆறு, ஏழு, எட்டு:
வாத்தியமெல்லாம் நின்று
யாரோ மூன்று முறை கைதட்டினார்கள்.
அவ்வளவுதான்.
அந்த மூன்று தட்டில் இருந்தது அதுதான்.
வெறும் உள்ளங்கைகள்.
தொழிற்சாலைக் கூரையில் பட்டுத் திரும்பும் சத்தம்கூடக் கேட்டது.

"ரெண்டு யூரோ," என்றாள் மிர்யானா.
வேண்டாம் என்றேன்.
அவள் திரும்பின நேரம் பார்த்து
சிறுவர் கதை ரெக்கார்டுகளுக்குப் பின்னால்
கரடிக்கும் ரயிலுக்கும் நடுவில்
செருகி வைத்தேன்.
கிரெஷிமிர் அந்தப் பக்கம் போகமாட்டான்.
யாஸ்னா சந்தைக்கே வரமாட்டாள்.
டிபோருக்குத் தெரிந்தால் எண்ண ஆரம்பித்துவிடுவான்.

புதன்கிழமை மனசு கேட்கவில்லை,
மிர்யானாவுக்குப் போன் போட்டேன்.
"அதுவா, நீ போன அரைமணியில் போய்விட்டது.
யார் என்று பார்க்கவில்லை.
குடை வைத்திருந்தார்கள்."

வெள்ளிக்கிழமை.
கூடத்தில் புகை, ஈரக் கோட்டுகளின் வாடை.
அந்தப் பாட்டு, அந்த இடம்.
நூறு பேரும் தடுக்கினார்கள்,
நாங்கள் அடுத்த அடிக்குள் போய்விட்டோம்.

பின்வரிசையிலிருந்து,
கோட்டு மாட்டும் ஆணிகளின் பக்கமிருந்து,
எங்கள் பாட்டில் எங்கும் இடமில்லாத
மூன்று கைதட்டல்.

டிபோர் தலை நிமிர்த்தி
என்னைப் பார்த்தான்.
நான் தந்தியைப் பார்த்தேன்.