நாற்பத்தேழு சென்டிமீட்டர்

யெர்னேயாவின் இடக்கையில் ஒரு வளையம்,
என் வலக்கையில் ஒன்று.
நடுவே கயிறு.
அரை மீட்டருக்கு மேல் கூடாதென்பது பந்தய விதி.
மூன்று வருடமாய் அதே கயிறு.
அவள் மூச்சு பிசகினால்
என் காலுக்குத்தான் முதலில் தெரியும்.

மற்ற கையில் ஆளுக்கொரு கடிகாரம்.
ஒரே கடை, ஒரே மாதிரி,
ஒரே மேசையில் பெட்டி பிரித்தவை.

ஞாயிறு காலை
சோச்சா ஆற்றங்கரையில் ஓடி முடித்து
பாலத்துச் சுவரில் சாய்ந்து
போனைத் திறந்தேன்.
"எங்கே ஓடினோமாம்?" என்றாள்.

"நான் மலைக்குள்.
சுண்ணாம்புப் பாறையைத் துளைத்துக்கொண்டு
நாற்பது மீட்டர் உள்ளே."

"நான்?"

"ஆற்றின் நடுவில்.
ஒன்பதாவது கிலோமீட்டரில் அக்கரைக்கே போய்விட்டாய்.
அங்கே ஒரு மாட்டுக் கொட்டகையைச்
சுற்றிவிட்டு வந்திருக்கிறாய்."

அவள் சிரித்த சிரிப்பில்
பாலத்தடி வாத்துகள் எழும்பிப் பறந்தன.
"நல்ல நீளமான கயிறுதான், கொராஸ்த்!"

எனக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு.
அவளுக்கு இருபது புள்ளி ஏழு.
ஒரு கிலோமீட்டரும் சொச்சமும்
எங்கள் இருவருக்கும் நடுவே எங்கோ கிடக்கிறது.

தெரிந்தமட்டும் விளக்கினேன்.
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து
இளைத்து இளைத்து வருகிறது சமிக்ஞை.
வெட்டவெளியென்றால் நேரே கையில் இறங்கும்.
பள்ளத்தாக்கு நெருங்கினால்
இந்தப் பாறையில் முட்டி, எதிர்ப்பாறையில் முட்டி,
சுற்றிக்கொண்டு பிந்தி வரும்.
பிந்தியதையெல்லாம் தூரமென்று
கணக்கெழுதிவிடுகிறது கடிகாரம்.

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள்.
பிறகு நாக்கைச் சொடுக்கினாள், ஒரே ஒருமுறை.
எதிர்ச்சுவர் பதில் சொன்னது.
"முதலில் கேட்டது நான். அடுத்தது சுவர்.
எட்டு வயதிலிருந்து
இந்த இரண்டையும் பிரித்துப் பிரித்துத்தான்
தெருவைக் கடக்கிறேன்.
இதற்கு அது தெரியாதா?
நானூறு யூரோ!"

சுரங்கப்பாதையில் இன்னும் மோசம்.
நுழைவாயிலில் ஒரு புள்ளி,
வெளிவாயிலில் ஒரு புள்ளி,
இடையே அடிக்கோல் வைத்து இழுத்த கோடு.
உள்ளே இரண்டு வளைவு உண்டு.
இடப்பக்கம் கூரை ஒழுகும்.
அதைத் தாண்டினால் கணுக்காலை மடக்கும் ஒரு குழி.
போன மாதம் ஒருநாள் விளக்கெல்லாம் அணைந்திருந்தது.
என் தலைவிளக்கு காரில்.
அன்று கயிறு முன்னால் இழுத்தது.
"இடது, கொராஸ்த். இப்போது சொட்டும்.
இப்போது தாண்டு."
ஒரு கல் கூட இடறாமல் வெளியே வந்தேன்,
கண்கூசி நின்றேன்.
அன்றைய பதிவிலும் அதே நேர்க்கோடுதான்.

இன்று, விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில்
அவளுக்கு ஒரு சாதனையும் வழங்கியிருந்தது:
ஒரு கிலோமீட்டர், இரண்டு நிமிடம் ஐந்து நொடி.
பக்கத்தில் சின்னதாய் ஒரு கோப்பை.
"அழித்துவிடவா?"
"தொடாதே.
நாளை ஆபீசில் பிரிமோஷுக்குக் காட்ட வேண்டும்."

தோல்மின் அரை மாரத்தான் அன்று
நடுவர் அம்மா கடிகாரங்களைப் பார்க்கவேயில்லை.
பாதையைச் சைக்கிள் சக்கரம் உருட்டி
என்றோ அளந்து வைத்திருந்தார்கள்.
தையல்காரரின் நாடாவை எடுத்து
எங்கள் கயிற்றின் மேல் வைத்தார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி வைத்தார்.

"நாற்பத்தேழு. சரி, போங்கள்."

வாங்கும்போது ஐம்பது.
துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கிறது.

துப்பாக்கி வெடிக்கக் காத்திருந்த கூட்டத்தில்
யெர்னேயா என் பக்கம் சாய்ந்தாள்.
"அதுதானா," என்றாள்,
"கொஞ்ச நாளாய்
உன் முழங்கை என்னை இடித்துக்கொண்டே இருக்கிறது."