பரிந்துரைக் கடிதம்

வெப்பமூட்டி மறுபடி நின்றுவிட்டது.
மேலங்கியோடு உட்கார்ந்து
அமைச்சகத்தின் படிவத்தை நிரப்புகிறேன்.
இருக்கைகள்: நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் எத்தனையில் உட்கார முடியும் என்று
அவர்கள் கேட்கவில்லை.
சென்ற ஆண்டு வருகை: ஒன்பதாயிரத்துச் சொச்சம்,
பள்ளிப் பேருந்துகளில் வந்து
மூன்று அங்கமும் தூங்கிய பிள்ளைகளையும் சேர்த்து.
தூங்கினாலும் வருகைதானே.

ஸுராப் வந்தான். ஓபோ வாசிப்பவன்.
ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு
சொட்டச் சொட்டக் கேட்டான்:
லைப்சிக்கில் ஓர் இடம் காலி, மேடம்.
உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும்.

எங்களிடம் வேறு ஓபோ இல்லை.
அவன் போனால்
படிவத்தில் பதினோராம் கட்டத்தில்
'முழு இசைக்குழு' என்பதற்கு நேரே டிக் போட முடியாது.
டிக் இல்லாவிட்டால் மானியம் இல்லை.
வயலின்காரி தோடிக்கோ
மார்ச்சில் பிரசவம்.

அவன் போனதும் எழுதினேன்:
நேரம் தவறாதவர். ஒழுக்கமானவர்.
சக கலைஞர்களோடு இணக்கமாகப் பழகுபவர்.
ஒரு சொல்கூடப் பொய்யில்லை.
யாரும் அழைக்கவும் மாட்டார்கள்.

இந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும்.
இருபத்திரண்டு வருடத்துக்கு முன்
என்னைப் பற்றி இதே மேசையில் ஒருவர் எழுதினார்:
எதேரிக்கு நிர்வாகத் திறமை உண்டு.
என் செல்லோவைப் பற்றி
ஒரு வரி இல்லை.

மாலை ஒத்திகை.
ரியோனி ஆற்று மழை கூரையில்.
கடைசி வரிசையில், உடைந்த இருக்கைக்குப் பக்கத்தில் நின்றேன்.
சீவாளியை நாக்கில் நனைத்து
ஸுராப் ஒரே ஒரு ஸ்வரம் ஊதினான்.
நாற்பது பேரும் இருமலை, பேச்சை, கடனை நிறுத்திவிட்டு
அதில் வந்து சேர்ந்தார்கள்.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்:
இவன் கொடுக்கும் சுருதிக்குத்தான்
என் ஆட்கள் சேருகிறார்கள்.
உங்களிடம் எத்தனை பேரோ, தெரியாது.

படிவத்தை மறுபடி எடுத்தேன்.
முழு இசைக்குழு: டிக்.
இன்றைய தேதி போட்டேன்.
இன்றைக்கு அது உண்மை.

கீழே செலவுப் பட்டியல்.
மின்னணுச் சுருதிக் கருவி, ஒன்று, அறுபது லரி.
எந்தத் தலைப்பில் காட்டுவதென்று
கொஞ்ச நேரம் யோசித்து
வெப்பமூட்டிப் பழுது என்று எழுதினேன்.