நீர் – முந்நூறு பங்கு

"பெரும்பாலும்னு எழுதாதீங்க மேடம்,
பெரும்பாலும்னா தோத்துட்டோம்"
என்கிறார் நஜ்முத்தீன் வக்கீல், கைப்பேசியில்.
வியாழக்கிழமை விசாரணை, கிண்டியில்.

எதிர்க்கட்சி காப்புரிமை கேட்பது ஓர் உறுதிக்கு:
தொண்ணூற்றிரண்டு டிகிரி வெந்நீரிலும் சுருங்காத தோல்.
கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்கிறோம் நாங்கள்.
எண்பத்து நான்காம் வருடத்துத் துண்டுத்தாளில்
இதே ஆவாரம்பட்டை, இதே படிகாரம், இதே ஆறு மணி நேரம்.
அன்றைக்கு யாரும் வெந்நீரில் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை,
அவ்வளவுதான்.
பார்க்காததால் இல்லாமல் போகுமா?

நல்ல வாதம்.
வாதம் எந்தச் சூட்டில் சுருங்கும் என்று காட்ட முள் கிடையாது.
தோலுக்கு உண்டு.

ராணிப்பேட்டை சிப்காட், தகரக்கூரை ஆய்வகம்.
துண்டுத்தாளை வரி பிசகாமல் பதினொரு முறை செய்தேன்.
பதினொரு முறையும் தொண்ணூற்று மூன்றில்தான் முள் துள்ளியது.
'எப்போதும்' என்று தட்டிவிட்டு
அந்தச் சொல்லைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது.
வேலை நிற்கக்கூடாதென்று தரணேந்திரன்
குடிக்கிற கேனை டிரம்முக்குள் கவிழ்த்திருக்கிறான்.
எண்பத்தொன்று.
வெயிலில் போட்ட வற்றல் மாதிரி சுருண்டது தோல்.

துண்டுத்தாளை மறுபடி எடுத்தேன்.
நீர் – முந்நூறு பங்கு.
எந்த நீர்?
எழுதியவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.
குழாயைத் திறந்தால் வருவது நீர்:
பருப்பை வேகவிடாதது,
பாத்திர அடியில் வெள்ளையாய் ஏடு கட்டுவது,
பாலாற்று மணலுக்கடியில் எங்களுக்கென்று மிஞ்சியது.
கேன் தண்ணீரை அன்றைக்கு யார் விற்றார்கள்?

கேன் தண்ணீரிலேயே ஆப்பசோடா போட்டுச் செய்து பார்த்தேன்.
தொண்ணூற்று மூன்று.

பட்டைக்கும் படிகாரத்துக்கும் நடுவில்
ஊர் கரைந்திருக்கிறது.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

"மோட்டார் எரிஞ்சதை யாரும் கேட்கப்போறதில்ல மேடம்."
வக்கீல் குரலில் வற்புறுத்தல் இல்லை, களைப்புதான்.
எனக்கும் அதேதான்.
தரணேந்திரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்,
தன்னால் கேஸ் போய்விடுமோ என்று.

பிரமாணப் பத்திரத்தில் 'எப்போதும்' என்பதற்கு முன்னால்
'இவ்வூர் நிலத்தடி நீரில்' என்று சேர்த்தேன்.
பதினான்காம் பத்தி: பன்னிரண்டாம் முறை, எண்பத்தொன்று.
பதினைந்து: சோடா.
வெல்லுமா தெரியாது.
கையெழுத்துப் போட்டாயிற்று.

ராத்திரி புது மோட்டார் ஓடியது.
முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தண்ணீர்.
சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினேன்.
நுரை வரவில்லை.