முதலில் தண்ணியைக் கேட்பேன்

விடிய நாலே முக்காலுக்குக் கொழும்பு பஸ்
பரந்தன் சந்தியில் ஒரு கணம் மூச்சுவிடும்.
பாண் பையை நீட்டுகிற மாதிரி
கொண்டக்டர் பொலித்தீன் பையை நீட்டுவார்.
நாற்பது கப்பி. டோர்ச் அடித்துப் பார்ப்பேன்.
இன்றைக்கு மூன்று, வயிறு மேலே.

கடைத் தொட்டியில் நேரே விடமாட்டேன்.
பின்னால், சாக்குத் திரைக்கு அங்கால்,
பதினாலு நாளுக்கு ஒரு வாளி.
"வடிவான மீனை ஏனக்கா ஒளிச்சு வைக்கிறீங்கள்?"
ரியூசன் பெடியள்.
ஒளிக்கேல்லையடா, பாத்துக்கொண்டிருக்கிறன்.

வருகிறவர்கள் மீனைச் சொல்வார்கள்:
மூலையில் நிக்குது.
செட்டையை உடம்போடை ஒட்டி வைச்சிருக்கு.
மேலே வந்து வாயைப் பிளக்குது.
நான் முதலில் தண்ணியைக் கேட்பேன்.
குழாயோ, கிணறோ? எப்ப மாத்தினது? எவ்வளவு?
"முழுக்க மாத்தி, தொட்டியைச் சவர்க்காரம் போட்டும் கழுவினனான்,"
பெருமையாய்ச் சொல்வார் யோகமலர் ரீச்சர்.
சுத்தத்தால் செத்தது என்று
ஒரு ரீச்சருக்கு எப்படிச் சொல்வது?

கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால்
மூன்றாம் நாள் வெள்ளைப்புள்ளி,
செட்டையில் ரவை தூவின மாதிரி.
ஹீட்டர் இருந்தால் கரண்ட் இராது.
சோடாப் போத்தலில் சுடுதண்ணி நிரப்பி
மிதக்கவிடுங்கோ, மெல்ல, மணிக்கு ஒரு பாகை.
ஆனையிறவு உப்பு, பத்து லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி,
கோப்பையில் கரைத்து, மூன்று தரமாய்.
புள்ளி தெரிகிறபோது மருந்து அதைத் தொடாது,
அது தோலுக்கு அடியில் குடியிருக்கிறது.
விழுந்து, மணலில் படுத்து, நூறாய்ப் பிரிந்து
அடுத்த உடம்பைத் தேடி நீந்துகிற
அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் உப்பு.
புள்ளி போனாலும் நிறுத்தாதேங்கோ.
எல்லாரும் நிறுத்துவார்கள்.

செவ்வாய், பதினொரு மணி, தவணை.
கஜவதனன் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ரசீதுப் புத்தகத்தை விரிப்பார்.
ஹீட்டர், மூன்று தொட்டி, காற்றுப் பம்ப்,
எல்லாம் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கின்றன.
இன்று கழற்றினார்.
"வீட்டை ஒரு கோல்ட் பிஷ். ஊதிப்போய்க் கிடக்கு."
சாப்பாடு காணாது என்று இரட்டிப்பாய்ப் போட்டாராம்.
மேலே இருந்து பாக்கச் சொல்லுங்கோ, என்றேன்.
ஸ்பீக்கரில் ஒரு சின்னக் குரல்:
"அன்னாசிப்பழம் மாதிரி, அப்பா.
செதில் எல்லாம் எழும்பி நிக்குது."

நான் பேசவில்லை.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
ஒரு நாளில் நாற்பது வாசலில்
"கட்டத்தான் வேணும்" சொல்லுகிற வாய்
போனுக்கு மேலே திறந்தபடி நின்றது.

போனை வாங்கினேன். பெயர் ஆரபி.
வேறை பேசினில் விடு, பிள்ளை.
தொட்டித் தண்ணியையே ஊத்து.
வெளிச்சம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம்.
எப்சம் உப்பு அப்பாட்டைத் தந்துவிடுறன்.
நாளுக்கு ஒருக்கா கொஞ்சம் மாத்து.
"சுகம் வருமோ?"
அநேகமா வராது.
"அப்ப ஏன் மாத்த?"
மூச்சு இருக்கிறமட்டும்
அதுக்குத் தண்ணி நல்லாயிருக்க வேணும்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
பிறகு, "எத்தினை கோப்பை?"

இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. எண்ணிக் கொடுத்தேன்.
நோட்டுகள் ஈரம், எப்பவும் போல.
உப்புக்குக் காசு வாங்கவில்லை.
வாங்கியிருக்கலாம் என்று
அவர் றோட்டில் ஏறின பிறகு பட்டது.

வலையைக் கொண்டீஸில் ஊறப்போட்டுவிட்டு
சாக்குத் திரைக்கு அங்கால் போனேன்.
முப்பத்தேழும் இருந்தன.
ஒன்று மட்டும் வாளிச் சுவரில்
முதுகை உரசிக்கொண்டு போனது.