கடைசிப் படி

உவான்காவெலிகாவுக்கு மேலே, ஜூன் மாதம்,
ஒரே இரவில் கறுத்துப்போனது குதிரைமசால்.
காலையில் மிதித்தபோது
கண்ணாடிபோல் நொறுங்கியது.

நிக்கனோரா சென்தே வைக்கோல் போட்டாள்,
உலர்ந்த பார்லி போட்டாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு கூய்கள்,
ஊரார் கினிப் பன்றி என்னும் அந்தக் குட்டை உருண்டைகள்,
தின்றன. தின்றதில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் வாரம் ஒன்று பின்னங்காலை இழுத்தது.
தூக்கினால் கத்தியது.
மறுநாள் ஒன்பது.
ஞாயிற்றுச் சந்தையில் ஓட்டல்காரன்
முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு
கூடையைத் திருப்பித் தள்ளினான்.

அடுத்த பட்டியில் லாமா
அதே வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கால்நடை அலுவலகத்து எஃப்ராயின் தைப்பே
மோட்டார் சைக்கிளில் வந்தான்.
தீவன மூட்டையின் மேல் கரியால் ஓர் ஏணி வரைந்தான்.
அடியில் சர்க்கரை.
அதன் ஒரு நுனியைக் கல்லீரல் லேசாகப் பொசுக்குகிறது,
பொசுங்கிய நுனி புளிக்கிறது: குளுக்குரோனிக் அமிலம்.
வயிற்றுக்குள் வந்த நஞ்சின் கையில் அதைக் கட்டி
சிறுநீர் வழியே ஊரைவிட்டு அனுப்புவதும் உண்டு.
மிச்சத்தைத் தலைகீழாகப் புரட்டினால் குலோனிக் அமிலம்.
பிறகு அது தன் வாலைத் தானே கவ்வி வளையமாகும்.
பிறகு ஒரே ஒரு படி,
அங்கே வைட்டமின் சி.

லாமா ஏறிவிடும்.
கூய் அங்கே நின்றுவிடும்.
நாமும்தான், என்றான்.

கைக்கு எட்டியதா?
எட்டியது.
வாய்க்கு?
எஃப்ராயின் தலையாட்டினான்.
படி செய்யும் குறிப்பு இன்னும் உள்ளே இருக்கிறதாம்,
எழுத்து சிதைந்து. ஏட்டுச் சுரைக்காய்.

யார் உடைத்தது என்று கேட்டாள்.
யாரும் இல்லை.
புல் எப்போதும் பச்சையாக இருந்தது,
தொலைந்தது யாருக்கும் தெரியவில்லை.

எலுமிச்சை வாங்கு என்று சொல்லிப் போனான்.
அவள் கணக்குப் போட்டாள்.
இருநூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினாள்.
பென்சிலைக் கீழே வைத்தாள்.

அன்றிரவு குளிர் தண்ணீர்ப் பானையைப் பிளந்தது.
காலையில் அடுப்பு மூட்ட, பனிக்கட்டி உருகி
மூலையிலிருந்த பார்லி மூட்டைக்குள் இறங்கியது.
வைதாள். பானையை, மூட்டையை,
ஊரில் இல்லாத கணவனையும் சேர்த்து.
நனைந்ததை அள்ளித் தகரத் தட்டில் கொட்டி
அடுப்போரம் தள்ளிவிட்டு மறந்தாள்.

ஆறாம் நாள் அங்கே ஒரு விரற்கடை உயரத்தில் பச்சை.

காய்ந்து கிடந்தவரை அந்த வித்தில் ஒன்றுமில்லை.
நீர் தொட்டதும் மாவைச் சர்க்கரையாக்கி,
சர்க்கரையைப் புளிப்பாக்கி,
யாரிடமும் கேட்காமல் உச்சிக்குப் போய் நின்றிருந்தது.
(அது வேறு ஏணி என்று எஃப்ராயின் பின்னால் சொன்னான்.
இருக்கட்டுமே. நான் ஏறச் சொன்னேனா, என்றாள்.)

வேரோடு பாய்போலப் பிய்த்து
நொண்டிகளுக்கு முதலில் வைத்தாள்.
இருட்டு அறை முழுக்க விசில் எழுந்தது.
கூய் கூய் கூய்.
காலை இழுத்துக்கொண்டே வந்தன,
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி.

தானும் ஒரு முளையைக் கிள்ளி மென்றாள்.
குளிர்ச்சி, கொஞ்சம் இனிப்பு.
துப்பியபோது எச்சிலில் சிவப்பு நூல்.
எத்தனை நாளாக இருந்ததோ.
இன்னொரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள்.

லாமா வேலிக்கு மேல் கழுத்தை நீட்டியது.

உனக்கென்ன, என்றாள் நிக்கனோரா,
தட்டை மறுபக்கம் திருப்பிக்கொண்டு,
கடை உனக்குள்ளேயே இருக்கிறது.
போய் வைக்கோல் தின்னு.