உள்ளே போனது, வெளியே வந்தது

பதினொன்றாம் படுக்கை: குளுக்கோஸ் ஐந்நூறு உள்ளே,
இருநூற்றெண்பது வெளியே.
பன்னிரண்டு: அரை டம்ளர் கஞ்சி, வாந்தி அதைவிடக் கூட.
பதிமூன்று உறங்குகிறார்.
பதினான்கு உறங்குவதுபோல் கிடந்து
என் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நாற்பத்திரண்டு பேருடைய நீருக்கும் என்னிடம் கணக்கு உண்டு.
தண்டையார்ப்பேட்டையில் பேருந்து ஏறுமுன்
நான் குடித்த ஒரு சொம்புக்கு
எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

கழிவறை மாடிப்படிக்கு அந்தப் பக்கம்.
போய்வர ஆறு நிமிடம்.
போன மாதம் அந்த ஆறு நிமிடத்தில்தான்
ஏழாம் படுக்கை ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிக்கொண்டது.
அவர் பிழைத்துவிட்டார். மெமோ எனக்கு.
"பணியிடத்தில் இல்லாமை."
எங்கே போயிருந்தாய் என்பதற்கு விளக்கம் எழுத
வார்த்தை கிடைக்காமல் நான் உட்கார்ந்திருக்க,
யமுனாபாய் ஸ்டாஃப் பேனாவை வாங்கி
"இயற்கை அழைப்பு" என்று எழுதினார்.
சிரிப்பு வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன்.
ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம்.

இரண்டே முக்காலுக்குக் காற்று திரும்பிற்று.
மணலிப் பக்கத்து அழுகல் வாடை
சன்னல் கம்பிக்குள் நுழைய,
ஒரு கோடியில் பிடித்த இருமல்
மறுகோடிவரை போயிற்று.

இருபத்தொன்பது தேசப்பன். காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்.
இரண்டு நாளாகப் பையில் ஒரு சொட்டு இல்லை.
பெண்கள் தங்கக் கூடாத வார்டில்
கட்டிலுக்கடியில் அவர் மனைவி கிளியம்மா.
வாட்ச்மேனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
மணிக்கொரு முறை தலையை மட்டும் நீட்டி,
"வந்துச்சா சிஸ்டர்?"
இல்லம்மா.
அவருக்கு வரமாட்டேன் என்கிறது.
எனக்கு அடிவயிற்றில் சுட்ட செங்கல்.

நாலு இருபதுக்குக் குழாயில் மஞ்சளாய் ஒரு நூல் இறங்கியது.
இருவரும் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம்.
நாற்பது மில்லி இருக்கும்.
பையைத் தொட்டு, "சூடா கீது" என்றாள்,
அடுப்பிலிருந்து இறக்கியதைச் சொல்வதுபோல்.
எழுந்தபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் பார்த்தாள். என் முகத்தை அல்ல.
"எப்போலேர்ந்து?"
எட்டரை.
"போ. நான் கீறேன்ல."

தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காலால் அழுத்திக்கொண்டு
உட்கார்ந்தேன். எரிந்தது. விட்டுவிட்டு வந்தது.
நிறம் டிக்காஷன்.
நோயாளி என்றால் டாக்டரை எழுப்பியிருப்பேன்.
சுவருக்கு அப்பால் கன்டெய்னர் லாரி ஒன்று
நகர இடமில்லாமல் உறுமிக்கொண்டே நின்றது.

ஐந்தே நிமிடம். ஓடி வந்தேன்.
வார்டின் நடுவில் வெறுங்காலோடு
இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள் கிளியம்மா,
ஏலத்தில் அடுத்தவள் கூடைக்குக் காவலாய் நிற்பவள் மாதிரி.
"ஒருத்தரும் அசையல. பதினாலு மட்டும் உன்னைக் கேட்டாரு.
ஒண்ணுக்குப் போயிருக்குன்னு சொன்னேன்."

பதினான்கு கண்ணை மூடிக்கொண்டார்.
இந்த முறை நிஜமாகவே.