பன்னிரண்டு லிட்டர்

உவரியிலிருந்து பாளையங்கோட்டை வரை
கடல் என் மடியில்தான் வந்தது.
ஒரு கேன் மடியில், இரண்டு கேன் காலடியில்.
திசையன்விளையில் பஸ் மாறும்போது
"பதநியா?" என்றார் கண்டக்டர்.
"தண்ணிண்ணே."
நம்பாமல் லக்கேஜ் கிழித்தார்.

வாளிக்குள் ஈரச் சாக்கு, சாக்குக்குள் ஓடு.
பவளம் முங்கி எடுத்துத் தாறேன் என்றாள் ரெக்ஸ்லின்.
கூடாது, கேஸ் ஆகும் என்றேன்.
"அப்ப இதைக் கொண்டு போ."
தூண்டில் வளைவுக் கல்லிடுக்கில் கையைவிட்டு
உடைந்த கூரையோடு ஒன்றை உருவினாள்.
எந்த வீட்டுக்கு மேலே கிடந்ததோ.
ஊதா நிறத்தில் கடல் அதற்குப் பூச்சு பூசியிருந்தது,
கம்பெனிப் பெயரில் இரண்டெழுத்து விட்டுவைத்து.

வண்ணாரப்பேட்டையில்
சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்
கண்ணாடி அறுத்து ஒட்டிக் கொடுத்தார்.
பசையின் காடி வாசம் போக இரண்டு நாள்.
பிறகு மணல், ஓடு, கடல்,
பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் ஃபேன்.
சித்திரை மாதம்; மாடி அறை;
தண்ணீருக்கும் வேர்க்கும் போலிருந்தது.

உப்பும் தண்ணியும்தான் எனக்கு வேலை.
ஹைகிரவுண்டில் டயாலிசிஸ் பிரிவு.
மெஷினில் ஒரு எண் நகர்ந்தால்
எனக்கு உள்ளங்கை ஈரமாகும்.
வீட்டுக்கு வந்தும் அதே எண்ணைத்தான் பார்க்கிறேன்.
எட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம்:
குப்பியில் பச்சை. இன்னும் விஷம்.
மறுநாளும் பச்சை.

"மீன் எங்கட்டி?" என்றாள்
வீட்டுக்கார அருணாசலவடிவு.
பத்தாம் நாளும் கேட்டாள். இருபதாம் நாளும்.
"ஒரு ஓட்டுக்கா இவ்வளவு கரண்டு?
சவத்தத் தூக்கி மொட்டைமாடில போடு."

ஃபேன் ஓட ஓட
தினம் ஒரு டம்ளர் தண்ணீர் காணாமல் போகும்.
உப்பு போகாது. அது அங்கேயே இருக்கும்,
இறுகிக்கொண்டு.
கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டு
கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றுவேன்.
சிவசைலத்திடம் சொன்னேன்.
முப்பத்தோரு வயது, லாரி ஓட்டியவர்,
நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் குடிக்கக் கூடாதவர்.
குடிப்பார். எடை மெஷின் சொல்லிக் கொடுத்துவிடும்.
"தினம் ஒரு டம்ளரா?" என்றார்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"கொடுத்து வச்ச ஓடு."

நாற்பதுக்கு மேல் நாட்களை எண்ணவில்லை.
குப்பியில் மஞ்சள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கண்ணாடியெங்கும் பழுப்பு படர்ந்து
அதற்கு ஒரு வாரம் முன்பே
எனக்கு ஆசை பாதி விட்டிருந்தது.

இரவு பத்தே முக்காலுக்கு போன்.
"கரண்டு போச்சுட்டி. ஒன் தொட்டிக்கு மூச்சு நின்னுட்டு.
எங்க இன்வெர்ட்டர்ல இருந்து
ஜன்னல் வழியா வயர் இழுத்துட்டேன்.
ஏட்டி, கேளு.
ஓட்டுல ஓட்டைக்குள்ள ஒண்ணு கெடக்கு.
பின்னல் குஞ்சம் மாதி விரியுது, செவப்பா.
டார்ச்ச அடிச்சேன், உள்ள போயிட்டு.
அணைச்சுட்டு ஒக்காந்திருந்தேன். திரும்பி வந்துட்டு.
அது என்ன திங்கும்?"

எனக்கும் தெரியவில்லை.
சிவசைலத்தின் மெஷினில்
இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி.
ஊசி குத்திய கையை அசைக்காமல்
"மீனா?" என்று உதட்டால் கேட்டார்.
இல்லை என்று தலையாட்டினேன்.
போனில் அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.
மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது,
நடுவில் அவள் மூச்சு,
மிக மெதுவாக, அதைப் பயமுறுத்தாதபடிக்கு.